முகாம் தலத்தில் பொதுக் குழாயும் பாத்திரம் கழுவிய தண்ணீரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எல்ல, அப்புத்தளை, ஒஹிய, மஸ்கெலியா, நக்கிள்ஸ் என்று மலையகத்தில் எங்கே கூடாரம் போட்டாலும் பத்துப் பதினைந்து பேருக்கு ஒரு குழாய்தான் இருக்கும். சண்டை பிடிப்பதும் அங்கேதான், வயிற்றோட்டம் தொற்றுவதும் பெரும்பாலும் அங்கேதான். முதல் தடவை போகிறவர்கள் கேட்பவையும், பல தடவை போனவர்கள் கேட்காமல் விட்டுவிடுபவையும் கீழே இருக்கின்றன.

முகாமில் உள்ள குழாய்க்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

பெரும்பாலான இடங்களுக்கு நகரத்துக் குழாய்நீர் எட்டாது. மேலே ஓர் ஊற்றையோ சிற்றோடையையோ மறித்து, சிறிய தொட்டியில் விட்டு, கறுத்த பைப் வழியாகச் சரிவில் இறக்கியிருப்பார்கள். மோட்டார் கிடையாது. உயரம்தான் தண்ணீரைத் தள்ளுகிறது. தொட்டிக்கும் குழாய்க்கும் 10 மீற்றர் உயர வேறுபாடு இருந்தால் ஏறத்தாழ 1 பார் அழுத்தம் கிடைக்கும், 40 மீற்றர் என்றால் 4 பார்.

அழுத்தம் பலமாக இருப்பதைப் பார்த்துத் தண்ணீர் நிறைய இருக்கிறது என்று நினைத்துவிடுகிறார்கள். குழாயைத் திறந்தால் நிமிடத்துக்கு 10 லீற்றர் கொட்டும். ஊற்றிலிருந்து தொட்டிக்கு அதே நிமிடத்தில் 2 லீற்றர்தான் வந்து சேரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவு 8 மணித்தியாலம் சொட்டுச் சொட்டாக நிரம்பிய 1,000 லீற்றர் தொட்டி, காலையில் குழாயைத் திறந்தபடி விட்டால் ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம்தான் தாக்குப்பிடிக்கும். பிந்தி எழும்பிய கூடாரத்துக்குக் காற்றுத்தான் வரும். நுவரெலியாப் பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரை மழை குறைவு, ஆட்கள் வரவு கூடுதல். அந்தக் காலத்தில் போகிறவர்கள் வந்து இறங்கியவுடனேயே ஒரு போத்தலைப் பிடித்துப் பாருங்கள். 1 லீற்றர் நிரம்ப 10 விநாடிக்கு மேல் எடுத்தால் சமையலையும் அதற்கேற்றபடி சுருக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

சாப்பிட்ட பாத்திரத்தைக் குழாயடியிலேயே கழுவினால் என்ன? அதற்குத்தானே குழாய்?

முகாம்களில் அதிகம் மீறப்படும் விதி இதுதான். தண்ணீரைக் குழாயில் பிடியுங்கள், வேறு இடத்தில் கழுவுங்கள். காரணம் ஒன்றல்ல.

முதலாவது, குழாயடியில் இருப்பது ஒரு சிமெந்துத் தட்டும் கையளவு அகலமுள்ள கானும்தான். சிந்துகிற நல்ல தண்ணீரைக் கொண்டுபோகத்தான் அதைக் கட்டியிருக்கிறார்கள். சோற்றுப் பருக்கையும் பருப்பும் கறிவேப்பிலையும் அதில் இரண்டு வேளை விழுந்தால் கான் அடைத்துக்கொள்ளும். பிறகு குழாயைச் சுற்றிச் சேறு. அந்தச் சேற்றில் நின்றுதான் எல்லோரும் குடிதண்ணீர் பிடிக்க வேண்டும், அட்டைக்கும் அந்த ஈரம்தான் பிடிக்கும்.

இரண்டாவது, கை. கோழி வெட்டிய கை, எச்சில் கோப்பை தொட்ட கை, கழிப்பறைக்குப் போய்வந்த கை எல்லாம் ஒரே திருகைத்தான் பிடிக்கின்றன. முகாமில் ஒருவருக்கு வயிற்றோட்டம் வந்து மறுநாள் நாலு பேருக்குப் பரவினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அந்தத் திருகை.

மூன்றாவது, நேரம். நாலு பேருடைய பாத்திரத்தை ஓடுகிற குழாயில் கழுவ 10 நிமிடம் பிடிக்கும். அதற்குள் 60 முதல் 100 லீற்றர் போய்விடும். அதே பாத்திரத்தைப் பேசினில் கழுவினால் 4 முதல் 6 லீற்றர் போதும். பின்னால் ஒரு தாய் பிள்ளைக்குப் பால் கரைக்கத் தண்ணீருக்காகப் போத்தலோடு நிற்பதைக் கறிச்சட்டி தேய்ப்பவர் கவனிப்பதேயில்லை.

நாலாவது எண்ணெய். அதற்குத் தனியாகவே பதில் சொல்ல வேண்டும்.

கொழும்பில் குசினித் தொட்டியில் ஊற்றுகிறோம், ஒன்றும் ஆவதில்லை. இங்கே மட்டும் ஏன் எண்ணெய் உறைகிறது?

தேங்காயெண்ணெய் ஏறத்தாழ 24 பாகை செல்சியசுக்குக் கீழே உறையத் தொடங்கும். கொழும்பில் பெரும்பாலும் அந்த அளவுக்குக் குளிராது. நுவரெலியாவிலோ ஒஹியவிலோ பகலிலேயே அதற்குக் கீழேதான். போத்தலில் எண்ணெய் வெள்ளைக் கட்டியாக இருப்பதை மலையகத்துக் குசினிகளில் யாரும் புதுமையாகப் பார்ப்பதில்லை.

தேங்காய்ப்பால் விட்ட பருப்பு, கிழங்குக் கறி, பொரித்த கருவாடு என்று முகாமில் சமைப்பது எல்லாமே இந்த எண்ணெய்தான். சட்டியைச் சூட்டோடு கழுவி ஊற்றும்போது திரவமாகத்தான் ஓடும். நாலடி போவதற்குள் குளிர்ந்து கானின் ஓரத்தில் மெழுகு மாதிரிப் படியும். அதன்மேல் சோறு ஒட்டும், சோற்றின்மேல் இலை ஒட்டும். மறுநாள் காலை கான் நிரம்பி வழிந்த பிறகு அலவாங்கால் குத்தி எடுக்க வேண்டியதுதான். குளிர்ந்த தண்ணீரில் பாத்திரத்தை எவ்வளவு தேய்த்தாலும் பிசுபிசுப்புப் போகாததற்கும் காரணம் இதுவே. சவர்க்காரத்தைக் கூட்டுவதால் பயனில்லை, தண்ணீர் சுட வேண்டும்.

குளிரைச் சாதகமாகவும் பயன்படுத்தலாம். பொரித்த எண்ணெயைச் சட்டியிலேயே நன்றாகக் குளிரவிட்டால் கட்டியாகிவிடும். கரண்டியால் வழித்துப் பழைய பால்மா டின்னில் போட்டு மூடி வீட்டுக்குக் கொண்டுபோகலாம். கடலை எண்ணெய், சோயா எண்ணெய் இந்தக் குளிரில் உறையாது. அவற்றைப் பத்திரிகைத் தாளால் ஒற்றி எடுக்க வேண்டும்.

சரி, பேசினில் எப்படிக் கழுவுவது?

நாலு பேருக்கு வேண்டியவை: இரண்டு பேசின் (ஒன்று மடக்கும் வாளியாக இருந்தாலும் போதும்), பொச்சு, பழைய வேட்டித் துண்டு அல்லது தேயிலை வடி, பத்திரிகைத் தாள், மூடியுள்ள ஒரு டின்.

முதலில் வழித்தல். பாதி வேலை இதில் முடிந்துவிடும். தட்டிலிருக்கும் குழம்பைக் கடைசி ரொட்டித் துண்டால் துடைத்துச் சாப்பிட்டுவிட்டால் கழுவுவதற்கு மிச்சம் இருப்பது கொஞ்சம்தான். மீதியைத் தாளால் துடைத்து டின்னில் போடுங்கள். சட்டி அடிப்பிடித்திருந்தால் அரை லீற்றர் தண்ணீர் விட்டு மறுபடி அடுப்பில் வைத்து ஒரு கொதி வரவிடுங்கள். மண்ணால் தேய்க்காதீர்கள். அலுமினியச் சட்டி கீறிப்போகும், மண்ணும் எண்ணெயும் கலந்த அந்தக் களியை வடிகட்டவும் முடியாது.

முதல் பேசினில் 2 முதல் 3 லீற்றர் சுடுநீர், கை பொறுக்கிற சூட்டில். திரவச் சவர்க்காரம் என்றால் அரைத் தேக்கரண்டி, கட்டி என்றால் பொச்சை இரண்டு தரம் அதில் தேய்த்தால் போதும். நுரை பொங்க வேண்டியதில்லை. நுரை கூடினால் அலசவும் தண்ணீர் கூடும், வெளியே ஊற்றும் அழுக்கும் கூடும். தேநீர்க் கோப்பை, கரண்டி, தட்டு, சட்டி என்ற வரிசையில் கழுவுங்கள். எண்ணெய்ச் சட்டியை முதலில் முக்கியவருக்குக் கடைசிக் கோப்பைவரை எண்ணெய்தான்.

இரண்டாவது பேசினில் 2 முதல் 3 லீற்றர் சுத்தமான தண்ணீர், அலசுவதற்கு. பத்துப் பேருக்கு மேற்பட்ட குழு, அல்லது யாருக்காவது வயிறு சரியில்லை என்றால் மூன்றாவது பேசினும் வையுங்கள். 5 லீற்றர் தண்ணீருக்கு வாசனை சேர்க்காத 5 சதவீதத் திரவக் குளோரின் 1 தேக்கரண்டி, அதாவது 5 மில்லிலீற்றர். பாத்திரங்களை அதில் 2 நிமிடம் மூழ்கவிட்டு எடுத்துக் காற்றில் உலரவிடுங்கள். துணியால் துடைத்தால் துணியிலுள்ளது திரும்பவும் பாத்திரத்துக்கு வந்துவிடும். மலையில் மூடுபனி நேரத்தில் எதுவும் உலராது என்பதால் இரவில் கவிழ்த்து வைத்துக் காலையில் வெயிலில் காட்டுங்கள்.

கழுவிய தண்ணீரை எங்கே ஊற்றுவது?

முகாமில் அதற்கென்று கழிவுநீர்த் தொட்டியோ ஊறுகுழியோ இருந்தால் அங்கே. எங்கே என்று பொறுப்பாளரிடம் முதல் நாளே கேட்டு வையுங்கள். இல்லாவிட்டால், வடிகட்டிய தண்ணீரைக் கழிப்பறையில் ஊற்றலாம். எண்ணெய்க் கட்டியும் சோறும் போகக் கூடாது.

இரண்டும் இல்லாத காட்டுப்புற முகாமில், ஓடை, ஊற்று, கிணறு, குழாய், நடைபாதை எல்லாவற்றிலிருந்தும் குறைந்தது 60 மீற்றர் தள்ளிப் போக வேண்டும். வளர்ந்த ஒருவருக்குச் சாதாரண நடையில் ஏறத்தாழ 80 காலடி. வடித்துவிட்டு, வாளியைப் பிடித்து அகலமாக வீசி இறைக்க வேண்டும். 5 லீற்றரை ஓரிடத்தில் கவிழ்த்தால் அது ஓடும். பரந்த நிலத்தில் இறைத்தால் மேல்மண் உறிஞ்சிக்கொள்ளும். சவர்க்காரத்தையும் சோற்றுக் கஞ்சியையும் சிதைக்கும் நுண்ணுயிர்கள் அந்த மேல்மண்ணில்தான் நிறைய இருக்கின்றன.

சரிவில் 60 மீற்றர் என்பது திசையையும் பொறுத்தது. ஊற்றுக்கு மேலே 60 மீற்றரில் ஊற்றினால் அது ஊற்றை நோக்கித்தான் இறங்கும். தண்ணீர் எடுக்கும் இடத்துக்குப் பக்கவாட்டில், முடிந்தால் சரிவின் முதுகு போன்ற மேடான பகுதியில் போய் இறையுங்கள். ஒடுங்கிய பள்ளத்தாக்கில் எங்கே திரும்பினாலும் ஓடைதான் என்றால் ஒரு கேனில் சேர்த்துக் கொண்டுபோய் மேலே ஏறியபின் ஊற்றுவது தவிர வழியில்லை.

பாறைமேல் மட்டும் ஊற்றாதீர்கள். உறிஞ்ச அங்கே மண் இல்லை. அத்தோடு, நக்கிள்ஸ் மலைத்தொடருக்கே உரிய ஒரு தவளை இனம் ஈரப் பாறைகளில்தான் வாழ்கிறது. அதன் தலைப்பிரட்டைகள் பாறைமேல் வழியும் மெல்லிய நீர்ப்படலத்தில் வளர்கின்றன. நமக்கு வெறும் ஈரமாகத் தெரிவதுதான் அவற்றுக்குக் குளம்.

தேயிலை மலையில் முகாம். பக்கத்தில் வெட்டிய கான் இருக்கிறதே, அதில் ஊற்றலாமா?

கூடாது. தேயிலை மலையில் கான் வெட்டுவது மழைநீர் மண்ணை அரிக்காமல் வெளியேறத்தான். ஒரு கான் பெரிய கானில் விழும், பெரிய கான் ஓடையில் விழும், ஓடைக்குக் கீழே பெரும்பாலும் ஒரு லயம் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) இருக்கும். நீங்கள் ஊற்றிய மீன்கழுவிய தண்ணீர் மண்ணைத் தொடாமலே இன்னொருவர் குளிக்கும் இடத்துக்குப் போய்விடும். செடிகளுக்கு இடையில் வெறும் மண் தெரியும் இடத்தில் இறைப்பது எவ்வளவோ மேல். அதற்கும் தோட்டத்தில் அனுமதி கேட்டிருக்க வேண்டும். கொழுந்து எடுக்கும் நாளில் நடக்கும் பாதையில் இறைக்காதீர்கள், வழுக்கும்.

குழி தோண்டி ஊற்றுவது நல்லதா, இறைப்பது நல்லதா?

ஓர் இரவு, நாலு பேர் என்றால் இறைப்பது. இரண்டு மூன்று நாள் ஒரே இடத்தில் பத்துப் பேர் என்றால் குழி, நிலத்துக்குச் சொந்தக்காரர் ஒத்துக்கொண்டால்.

30 சென்றிமீற்றர் அகலம், 15 முதல் 20 சென்றிமீற்றர் ஆழம் போதும். அதைவிட ஆழமாகப் போகாதீர்கள். நுண்ணுயிர்கள் மேல்மண்ணில்தான் இருக்கின்றன, கீழே களிமண் வந்தால் தண்ணீர் தேங்கி நாறும். மேல்புல்லைப் பாளமாக வெட்டி நிழலில் வையுங்கள், கடைசியில் அதே பாளத்தால் மூடலாம். தோண்டிய குழியில் 1 லீற்றர் ஊற்றிப் பாருங்கள். 10 நிமிடத்துக்குப் பிறகும் நின்றால் அந்த இடம் உதவாது. குழியின் வாயில் ஒரு பிடி காய்ந்த மானாப்புல்லைப் பரப்பினால் தப்பிவந்த பருக்கை அதில் தங்கும். தினமும் அந்தப் புல்லை எடுத்துக் கழிவு டின்னில் போடுங்கள்.

வெட்டிய மண்மேட்டின் விளிம்பிலும், பாதைக்கு மேலுள்ள சரிவிலும், நிலத்தில் வெடிப்புத் தெரியும் இடத்திலும் குழி வேண்டாம். மண்சரிவு எங்கே காத்திருக்கிறது என்று சொல்ல முடியாத மலைகள் இவை.

ஹோட்டன் சமவெளியில் குழியே கிடையாது. 1988 முதல் அது தேசிய பூங்கா. 2010இல் சிவனொளிபாதமலைக் காட்டோடும் நக்கிள்ஸோடும் சேர்த்து உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்டது. மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் நீர்கொடுக்கும் ஓடைகள் அங்கிருந்து இறங்குகின்றன. அந்த ஓடைகளில் வேறெங்கும் இல்லாத ஒரு சிறு இறால் இனமும் வாழ்கிறது. பூங்கா அலுவலர்கள் காட்டும் இடத்தில் மட்டும் ஊற்றுங்கள்.

மழை கொட்டுகிறது. மண் ஏற்கெனவே ஊறிப்போயிருக்கிறது. இப்போது?

ஊறிய மண் ஒன்றையும் உறிஞ்சாது. இறைத்த தண்ணீர் மழையோடு சேர்ந்து ஓடைக்குத்தான் போகும், குழி நிரம்பி வழியும். மேற்குச் சரிவில் மே முதல் செப்டெம்பர் வரையும், ஊவாவிலும் நக்கிள்ஸின் கிழக்குப் பக்கத்திலும் டிசம்பர் முதல் பெப்ரவரி வரையும் இதை எதிர்பார்த்தே போக வேண்டும்.

அந்த நாட்களில் சமையலை மாற்றுவதுதான் கெட்டித்தனம். எண்ணெய்ப் பொரியல் வேண்டாம். ஒரே சட்டியில் கிச்சடி, அல்லது கடையில் வாங்கிய பாணும் சம்பலும். சவர்க்காரம் இல்லாமல் வழித்துத் துடைத்து, கொதிநீர் ஊற்றி அலசினாலே போதும். அதற்கு மேலும் கழிவுநீர் இருந்தால் 5 லீற்றர் கேனில் மூடி வைத்து, மழை விட்டபின் அல்லது ஊருக்கு இறங்கியபின் ஊற்றுங்கள். ஒரு நாளுக்கு மேல் வைத்தால் புளித்துக் கேன் உப்பும், மூடியைத் தளர்த்தி வையுங்கள்.

“இயற்கையான” சவர்க்காரம் வாங்கினோம். ஓடையிலேயே கழுவலாம் அல்லவா?

இல்லை. மக்கும் என்று எழுதியிருந்தால் மண்ணில், நுண்ணுயிர்களுக்கு மத்தியில், நாட்கணக்கில் மக்கும் என்றுதான் அர்த்தம். ஓடைநீரில் விழுந்த நிமிடத்தில் அதுவும் மற்றச் சவர்க்காரம் போலத்தான் வேலை செய்யும். மீனின் உடலையும் செவுளையும் காக்கும் வழுவழுப்பான படலத்தைக் கரைக்கும், நீர்மேல் நடக்கும் பூச்சியை மூழ்கடிக்கும்.

அடுப்புச் சாம்பலையும் தேசிக்காயையும் பற்றிக் கேட்கிறார்கள். சாம்பல் நன்றாகவே எண்ணெய் எடுக்கும், அது காரம் என்பதால். அந்தக் காரம்தான் ஓடைக்கு ஆகாது. தேசிக்காய்ச்சாறு அமிலம், கொட்டையும் தோலும் வேறு. இரண்டையும் பாவியுங்கள், கழுவிய தண்ணீரை மட்டும் மேலே சொன்ன மாதிரி நிலத்தில் இறையுங்கள்.

தட்டின்மேல் லஞ்ச் ஷீட் விரித்துச் சாப்பிட்டால் கழுவும் வேலையே இல்லையே?

கழுவும் வேலை குறையும், கொண்டுபோகும் குப்பை கூடும். பொலித்தீன் லஞ்ச் ஷீட் 2017 செப்டெம்பரிலிருந்து நாட்டில் தடை. இப்போது கடையில் மக்கும் வகை என்று விற்பதும் மலைக் குளிரில் நிலத்தில் கிடந்து சீக்கிரம் மக்காது. கறி மணத்துக்குக் காட்டுப்பன்றியும் மரையும் அதைத் தின்று வைக்கும். வாழை இலை கொண்டுபோகலாம், அதையும் எச்சிலோடு எறியாமல் திருப்பிக் கொண்டுவர வேண்டும். நெருப்பில் போடுவது பற்றிக் கேட்பவர்களுக்கு: ஈர இலை எரியாது, புகைதான் வரும். பொலித்தீனை எரிப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

குழாயில் வரிசை என்றால் யார் முதலில்?

எழுதப்படாத ஒழுங்கு ஒன்று இருக்கிறது. ஒரு போத்தலோடு வந்தவரை 20 லீற்றர் கேனோடு நிற்பவர் முன்னே விடுவார். இரண்டு கேன் இருந்தால் ஒன்றை நிரப்பிவிட்டு ஒதுங்கி, வரிசையின் கடைசிக்குப் போய் மற்றதை நிரப்புவார். குழந்தை, வயதானவர், மருந்து குடிக்க வேண்டியவர் வந்தால் கேட்க வேண்டியதில்லை. “அக்கா, நீங்க முதல்ல பிடிங்க” என்று சொல்லிவிட்டால் யாருக்கும் மனக்கசப்பு இருக்காது. பக்கத்துக் கூடாரத்தில் சிங்களம் பேசுகிறவர் இருந்தால் “அய்யே, வத்துர டிகக் கன்ன புளுவன்த?” (அண்ணே, கொஞ்சம் தண்ணீர் எடுக்கலாமா?) என்று கேட்டாலே முகம் மலர்ந்துவிடும்.

போத்தலின் வாய் குழாயின் வாயில் முட்டக் கூடாது, ஒரு விரலளவு இடைவெளி விட்டுப் பிடியுங்கள். குழாயில் வாய் வைத்துக் குடிப்பதைச் சொல்லவே தேவையில்லை, ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஹோஸ் மாட்டி வாகனம் கழுவுவது எந்த முகாமிலும் நல்ல பெயர் வாங்கித் தராது. ஹோஸின் மறுமுனை அழுக்கு வாளிக்குள் கிடக்கும்போது மேலே தொட்டி வற்றினால் அந்த அழுக்கு பைப்புக்குள் திரும்ப உறிஞ்சப்படலாம்.

பல் துலக்குவது, குளிப்பது, வெற்றிலை துப்புவது?

ஒரு கோப்பைத் தண்ணீரை எடுத்துக்கொண்டு 60 மீற்றர் தள்ளிப் போய்ப் பல் துலக்குங்கள். துப்பும்போது நுரையைக் குவியலாக விடாமல் சிதறத் துப்புங்கள். வெற்றிலைக்கும் அதுவே. சிமெந்துத் தட்டில் அந்தச் சிவப்புக் கறை மழைக்கும் போகாது. குளியல் வாளியில், சவர்க்காரம் போட்டால் அதுவும் தள்ளி.

கோழி, நெத்தலி, மரக்கறி கழுவுவது எப்படி?

வீட்டிலேயே வெட்டிக் கழுவி, மஞ்சள் உப்புப் பிரட்டி, இறுக்கமாக மூடிக் கொண்டுவருவதே சரி. கோழி கழுவிய தண்ணீர் சிதறும் இடமெல்லாம் கிருமி சிதறும், சாப்பிடும் பாத்திரப் பேசினில் அதைக் கழுவவே கூடாது. மரக்கறி கழுவிய தண்ணீரில் சவர்க்காரம் இல்லை என்பதால் அதையே பாத்திரத்தின் முதல் அலசலுக்குப் பாவிக்கலாம். அரிசி களைந்த தண்ணீரும் அப்படித்தான், எண்ணெயை ஓரளவு எடுக்கும். குழாயடியில் ஊற்றினால் இரண்டே நாளில் புளித்த வாடை வரும்.

குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாமா?

பார்க்கப் பளிங்காக இருந்தாலும் காய்ச்சுங்கள். மேலே தொட்டி திறந்து கிடக்கலாம், மாடு மேயலாம். நன்றாகக் கொதித்தபின் 1 நிமிடம், 2,000 மீற்றருக்கு மேலே 3 நிமிடம் கொதிக்கவிட வேண்டும். உயரம் கூடக் கூடக் கொதிநிலை குறைகிறது. 1,870 மீற்றர் உயரமுள்ள நுவரெலியாவில் தண்ணீர் 94 பாகையளவிலேயே கொதித்துவிடும். பருப்பு அவிய நேரமாவதற்கும் காரணம் அதுதான்.

மழைக்குப்பின் கலங்கி வந்தால் வாளியில் ஒரு மணித்தியாலம் தெளியவிட்டு, நாலாய் மடித்த துணியில் வடித்துக் காய்ச்சுங்கள். வெலிமடை, கந்தப்பளைப் பக்கம் மரக்கறித் தோட்டங்களுக்குக் கீழே உள்ள ஓடை என்றால் வேறு கதை. பூச்சிமருந்தும் உரமும் காய்ச்சினால் போகாது. அங்கே குடிதண்ணீரைக் கையோடு கொண்டுபோவதே நல்லது.

குழாய் ஒழுகுகிறது, அல்லது துப்பித் துப்பி வருகிறது. நாமே திருத்தலாமா?

ஒழுகும் குழாயைப் பலமாக முறுக்காதீர்கள். உள்ளே றப்பர் வோஷர் தேய்ந்திருக்கும், முறுக்கினால் மிச்சமிருப்பதும் நசுங்கும். நூல் கனத்தில் நிமிடத்துக்கு 100 மில்லிலீற்றர் ஒழுகினாலே ஒரு நாளுக்கு 144 லீற்றர். கீழே ஒரு வாளியை வைத்து அதைப் பாத்திரம் கழுவப் பாவித்துக்கொண்டு பொறுப்பாளருக்குச் சொல்லுங்கள்.

துப்பித் துப்பி வந்தால் தொட்டி வற்றிப் பைப்புக்குள் காற்றுப் புகுந்திருக்கிறது. எல்லோரும் குழாயைப் பூட்டிவிட்டுத் தொட்டி நிரம்பக் காத்திருந்து, சரிவில் ஆகக் கீழே உள்ள குழாயைக் கால்வாசி திறந்துவிட்டால் காற்று வெளியேறும். நெம்புபிடி உள்ள வால்வை ஒரே இழுப்பில் பூட்டக் கூடாது. சரிவில் இறங்கிவரும் நீர்த்தூண் திடீரென நின்றால் பைப் முழுக்க அதிர்ந்து இணைப்புக் கழன்றுவிடும். மூன்று விநாடி எடுத்து மெதுவாகப் பூட்டுங்கள். வழியில் காணும் கேட் வால்வைத் திருகவே வேண்டாம். அது லயத்துக்குத் தண்ணீர் விடும் வால்வாக இருக்கலாம்.

பக்கத்துத் தோட்டத்துப் பீலியில் (ஊற்றுநீர் விழும் பொதுக் குழாயில்) தண்ணீர் பிடிக்கலாமா?

கேட்டுவிட்டுப் பிடிக்கலாம், மறுப்பவர்கள் அரிது. ஆனால் நேரம் பார்த்துப் போங்கள். விடியற்காலையில் வேலைக்குப் போகுமுன்னும் பின்னேரம் கொழுந்து நிறுத்து வந்தபின்னும் பீலிக்கரை அந்த வீட்டுப் பெண்களுடையது. அங்கேதான் குளிக்கிறார்கள், துவைக்கிறார்கள். அந்த வேளையில் கெமராவோடு போய் நிற்பது அநாகரிகம். முற்பகல் பத்து மணிக்குப் பிறகு போனால் யாருக்கும் இடைஞ்சலில்லை. வீட்டில் இருக்கும் பாட்டியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, வேண்டிய அளவை மட்டும் பிடித்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

இதற்கெல்லாம் சட்டம் உண்டா?

உண்டு. நீர்நிலைகளை மாசுபடுத்துவதை 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம் தடுக்கிறது. தேசிய பூங்காவுக்குள் வனஜீவராசிகள் திணைக்களத்தின் விதிகளும் சேரும். ஹோட்டன் சமவெளி வாசலில் பொலித்தீனைக் கழற்றிக் கொடுக்கச் சொல்வார்கள், முகம் சுளிக்காதீர்கள். உணவைத் தகரப் பெட்டியிலோ கடதாசியிலோ கொண்டுபோனால் அந்த வரிசையில் நேரம் மிச்சம்.

தேயிலைச் சக்கையைத் தேயிலைச் செடிக்கு அடியில் போட்டால் உரம்தானே?

நல்ல வாதம். ஆனால் சீனியும் பால்மாவும் கலந்த சக்கைக்கு முதலில் வருவது எறும்பு, பிறகு பன்றி. பன்றி கிளறினால் செடியின் வேர் வெளியே வந்துவிடும். சாயத்தைத் தனியே வடித்துச் சீனியைக் கோப்பையில் போட்டுக் குடிப்பவர்களின் வெறும் சக்கையை ஈரம் பிழிந்து அங்கங்கே தூவலாம். மற்றவர்களுடையது டின்னுக்குள்.